சித்தி எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

ஒருமுறை ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலமானால் யாரும் பேசமாட்டோம். சண்டை எதுவும் இல்லை. சித்தி இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். விளக்குப் போட்டதிலிருந்து சாப்பிட்டு முடிக்கும் வரை வீட்டில் தமிழே கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். இங்கிலீஷில் சொல்லிக்கொள்ள எங்கள் மூன்று பேரிடமும் பெரிதாக விஷயம் இல்லாததால், சட்டம் வந்த நாளிலிருந்து வீடு பூசை முடிந்த கோயில் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் சித்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் முன்னால் நின்று கையைக் கையை ஆட்டினாள். பருப்பு அடிப்பிடிக்கிறது என்பதற்கு இங்கிலீஷ் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தேடி முடிப்பதற்குள் பருப்பு கரிந்தே போயிற்று.

அப்பா கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டினார். வீடு செண்பகனூரில். சித்தி, என் அம்மாவின் தங்கை, டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் நடக்கப் பழகிய வயதில் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அப்போதுதான் நர்ஸிங் முடித்திருந்த சித்தி, என்னைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள என்று கன்னிவாடியிலிருந்து மலையேறி வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். அவளும் நானும் உள்ளறையில் படுப்போம். அப்பா முன்னறையில் படுப்பார், சீசன் நாட்களில் வண்டியிலேயே தூங்கிவிடுவார். அம்மா என்றால் எனக்கு சுவரில் மாட்டிய படம்தான். தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டது எல்லாம் சித்தி.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கன்னிவாடிப் பெரிய மாமா ஒரு சாக்கு முருங்கைக்காயோடு வந்து இறங்கினார். அவர்தான் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர். காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், அக்காள் இல்லாத வீட்டில் கல்யாணமாகாத தங்கச்சி எத்தனை காலம் இருப்பாள் என்று ஆரம்பித்தார். அக்காள் போன இடத்தில் தங்கையை வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. மாமாவுக்கு அது கல்யாணமாகவே தெரியவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பது போலத்தான் பேசினார்.

சித்தி கதவோரமாக நின்று, வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருப்பதைச் சொன்னாள்.

"போறதெல்லாம் சரிம்மா. இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" என்று மாமா என்னைக் காட்டினார். "வெளிய இருந்து ஒருத்திய கொண்டாந்து விடச் சொல்றியா? ஈஸ்டர் கழிஞ்சதும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பாதான், அவள் இன்னொரு தடவை பரீட்சை எழுதிப் பார்க்கட்டுமே, தவக்காலத்தில் எப்படியும் கல்யாணம் வைக்க மாட்டார்களே என்றார். மாமா உடனே ஒத்துக்கொண்டார். முந்தின தடவை சித்தி பேச்சுப் பரீட்சையில் கோட்டைவிட்டது அவருக்குத் தெரியும். இந்தத் தடவையும் விடுவாள் என்று நம்பித்தான் சிரித்த முகமாகப் பஸ் ஏறினார்.

போகும்போது என் கன்னத்தைத் தட்டி, இனிமேல் சித்தியை அம்மா என்று கூப்பிடப் பழகிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் ஜெயித்தால் சித்தி போய்விடுவாள், கோட்டைவிட்டால் அம்மாவாகி விடுவாள் என்று யாராவது ஒரு குழந்தையிடம் சொன்னால் அது எதை வேண்டிக்கொள்ளும்? வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டில் முட்டிபோட்டு, சித்தி தோற்றுப்போக வேண்டும் என்று ஜெபித்தேன். சித்தி அழக்கூடாது என்றும் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவளுக்குப் பரீட்சை வைப்பவளே நான்தான். நான் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு. பரீட்சை வைக்கிறவர் சிரிக்க மாட்டார், தலையாட்ட மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருந்ததால், நான் அப்பாவின் நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வேன். ஒரு சீட்டை எடுத்து நீட்டுவேன். மறுபடி போக ஆசைப்படும் ஓர் இடம், உங்களுக்குக் கிடைத்த ஒரு பரிசு, உங்களுக்கு உதவிய ஒருவர் என்று அதில் ஏதாவது இருக்கும். யோசிக்க ஒரு நிமிஷம், பேச இரண்டு நிமிஷம். அப்பாவின் செல்போனில் மணி வைத்திருப்போம்.

சித்திக்கு இலக்கணமெல்லாம் சுத்தம். எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். வாய்தான் திறக்காது. எந்தச் சீட்டை எடுத்தாலும் நாலு வாக்கியத்தில் அவள் அக்காவிடம் போய் நின்றுவிடுவாள். பரிசு என்றால் அக்கா வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். இடம் என்றால் அக்காவோடு முதல்முதலாக ஏரியைப் பார்க்க வந்தது. அங்கே வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். முந்தின தடவை மதுரையிலும் அப்படித்தான் ஆயிற்றாம்.

"வார்த்தை உள்ளதான் கெடக்கு பாப்பா. வெளிய வரமாட்டேங்குது" என்பாள்.

அப்பா இதற்கு நேர் எதிர். அவர் இங்கிலீஷில் இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் கிடையாது, நேற்றும் நாளையும் ஒன்றுதான். ஆனால் வாய் நிற்காது. தூண் பாறையில் மேகம் மூடிக் கிடந்தாலும் வந்தவர்களுக்குப் பாறையைப் பேசியே காட்டிவிடுவார். சித்திக்குப் பாடம் தேவையில்லை, பேச ஆள்தான் தேவை என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். வெளிநாட்டுக்காரர்கள் வண்டி பிடித்தால், சித்திக்கு லீவு நாளாயிருந்தால் அவளையும் ஏற்றிக்கொள்வார். இவள் நர்ஸ், பரீட்சைக்குப் படிக்கிறாள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவார். சனிக்கிழமையானால் நானும் கடைசி சீட்டில் தொற்றிக்கொள்வேன். ஊர் என்ன பேசும் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கட்டிக்கொள்ளப் போகிறவளைத்தானே கூட்டிக்கொண்டு அலைகிறான் என்று ஊரும் சும்மா இருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை, வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் பார்க்கக் கிளம்பியது. அந்த ஐயா முன்னால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா நடு சீட்டில் சித்தியோடு. பெருமாள்மலையில் திரும்பிப் பண்ணைக்காடு தாண்டும் வரை சித்தி ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதைத் தாண்டியதும், மழை விழுந்து காப்பி பூத்திருந்தது. சரிவெல்லாம் வெள்ளையாக, வண்டிக்குள் வரை வாசம். அந்த அம்மா ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டார். பிறகு அப்பாவின் முதுகைப் பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார், சித்தியிடம் அழகான குடும்பம் என்றார். உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார்.

சித்தி பதில் சொல்லவில்லை. இங்கிலீஷ் வராமல்தான் விழிக்கிறாள் என்று நினைத்து நான் பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. வண்டி ஒரு வளைவு திரும்பி இன்னொன்றும் திரும்பியது. கன்னிவாடியில் முடிவாகிப்போன ஒரு விஷயத்தை இல்லையென்று சொல்லவும் அவளுக்குத் தைரியமில்லை, ஆமாமென்று சொல்லவும் மனமில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது.

அப்பாதான் சொன்னார். "ஷீ இஸ் மை சிஸ்டர், மேடம்."

எனக்கு எரிச்சல் வந்தது. உறவுமுறையெல்லாம் நாங்கள் மூன்றாம் வகுப்பிலேயே படித்தது. சிஸ்டர் இல்லை, சிஸ்டர் இன் லா என்று நான் சத்தமாகத் திருத்தினேன்.

"நீ சும்மா இரு பாப்பா" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே அந்த அம்மாவிடம் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னார். "மை சிஸ்டர்."

அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சித்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம்தான் அந்த ஆச்சரியம் நடந்தது. அவளாகவே திரும்பி அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியைப் பற்றி, மழைக்காலத்தில் கட்டிலில் வைத்துத் தூக்கிவரும் கிளாவரை மலைக்கிராமத்து நோயாளிகளைப் பற்றி, வலி வந்தும் சத்தம் போட வெட்கப்படும் பெண்களைப் பற்றி. அக்காவைப் பற்றியும் சொன்னாள். அக்கா எப்படிச் செத்தாள் என்பதை முதலிலிருந்து கடைசி வரை தொண்டை அடைக்காமல் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். இரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அப்பா கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்காமல் ஓட்டினார். வழக்கமாக அந்த ரோட்டில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை வைத்திருப்பவர் அன்று ஒரு கதையும் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் மதுரையில் பரீட்சை. அப்பாதான் வெள்ளனே கிளம்பி வண்டியில் கொண்டுபோனார். ஈஸ்டர் வருவதற்குள் முடிவு செல்போனில் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் வேண்டிய மார்க். பேச்சில்தான் அதிகம். சித்தி செல்போனைப் பிடித்தபடி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்ததற்கா அழுகிறாள் என்று எனக்குக் கோபம். என் ஜெபம் பலிக்காத வருத்தத்தில் நானும் அழுதேன். அப்பா கடைக்குப் போய் அல்வா வாங்கிவந்தார்.

மாமா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார், இந்தத் தடவை வெறும் கையோடு. அப்பாவை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"கூட்டிக்கிட்டுப் போயிப் பேச வச்சது நீங்கதானாமே மாப்ள. கைல இருந்தத நீங்களே ஏத்திவிட்டா எப்புடி? உங்களுக்கு அவளப் புடிக்கலையா?"

அப்பா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அவளுக்குப் போற ஆசை இருந்துச்சு மச்சான்" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. மாமாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்காமல் காபி குடித்துவிட்டுப் போனார்.

பேப்பர் வேலையெல்லாம் முடிந்து சித்தி கிளம்பும்போது மலையில் ஐப்பசி மழை. மதுரை விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நான் விறைத்துக்கொண்டு நின்றேன். முடி வெட்டிக்கொள்ளாதே, நகம் கடிக்காதே, வெரசா தூங்கு என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

"வாரேன் அண்ணே" என்றாள். "ஒழுங்காச் சாப்பிடுங்க."

அப்பா தலையை ஆட்டினார். பெட்டித் தள்ளுவண்டியின் பிடியை அவர் கை விடவேயில்லை. சித்திதான் மெதுவாக வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டி மலையேற ஆரம்பித்தோம். அப்பாவைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்து, பார்த்தீர்களா அப்பா, சித்திக்கு இங்கிலீஷ் படித்துப் படித்துத் தமிழ் மறந்துபோய்விட்டது, அத்தானை அண்ணன் என்கிறாள் என்றேன்.

"போற பதட்டம் பாப்பா. வாய் தவறியிருக்கும்" என்றார்.

நான் நம்பினேன். உறவுக்காரர்கள் நடுவில் தமிழில் சொல்ல முடியாத ஒன்றை, இனி ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் அவர் இங்கிலீஷில் சொல்லி முடித்தார் என்பதும், அதற்கு மனமார நன்றி சொல்ல சித்திக்கு அண்ணே என்ற அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது என்பதும், அந்த வார்த்தை அப்பாவை எங்கே போய்த் தைத்திருக்கும் என்பதும் எனக்குப் புரிய நான் ஒருவரை விரும்பி, விட்டுக்கொடுக்க வேண்டிய வயது வர வேண்டியிருந்தது. அப்பா அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் சீசன் நேரம், சோலி கிடக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று வண்டியில் எனக்குக் கவலை வேறு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம், எனக்கு யார் ரெட்டைச் சடை பின்னிவிடுவார்கள் என்று கேட்டு அழ ஆரம்பித்தேன். நான் கத்துக்கிறேன் பாப்பா என்றார் அப்பா. குரல் சரியில்லை, பனி பிடித்துக்கொண்டது என்றார். வைப்பர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, அழுது முடி, அப்புறம் போகலாம் என்றார். நான் அழுது முடித்த பிறகும் வெகுநேரம் அவர் வண்டியை எடுக்கவில்லை. அந்த வண்டியில் அழ வேண்டியிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, அவர் மடியிலேயே தூங்கிப்போனேன்.