சேற்று உருண்டைக்குள் ஒரு வருஷம்

சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய பொருள் என்றால் நான் அப்படித்தான். யாராவது ஒரு ஓட்டுச் சில்லைக் காட்டினால் கூடவே போய்விடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பழவேற்காடு ஏரியில் அகப்பட்ட பழம்பொருள்களை ஒரு மீனவக் குப்பமே சேர்ந்து காப்பாற்றி வருகிறது என்று தோழி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டு பஸ். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் நெல் வயல், அப்புறம் உப்பு வாசனை. பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் அன்பு என்னைப் பார்த்ததுமே, “ஒல்லாந்தர் கல்லறைக்கா மேடம்?” என்றார்.

“இல்லை, குப்பத்துக்கு. தனம் வீட்டுக்கு,” என்று தோழி கொடுத்த பெயரைச் சொன்னேன்.

“பொருள் வாங்கவா வந்துக்கிறீங்க?” என்று கண்ணாடியில் முறைத்தார். பார்க்க மட்டுமே வந்திருக்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். பையோடு வரும் வியாபாரிகளால் அவர்களுக்கு ஏகப்பட்ட பேஜார். அதனால் குப்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த டச்சுக்காரர் கல்லறை வழியாகவே போனதால் வாசல் தூணில் செதுக்கிய எலும்புக்கூட்டுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனேன்.

ஒன்பதரைக்குத் தனத்தின் வீடு. நாற்பதைத் தொடும் வயது, கணீரென்ற குரல். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர். முன்னறையில் மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தார். நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகள்! அடுத்ததில் களிமண் புகைக்குழாயின் காம்பு, பச்சைக் குப்பியின் தடித்த அடிப்பாகம், துருவேறிய நங்கூரக் கொக்கி. நான் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

“காலத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லையா?” என்று கேட்டேன்.

“காலம் எங்களுக்கு இன்னா தெரியும்? எந்தப் பாடோ அந்தப் பொட்டி,” என்றார் தனம்.

பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்று இங்கே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடத்தின் பெட்டியில் பொருளைப் போட்டுவிடுகிறார்கள். நீலப் பீங்கான் முழுக்க முகத்துவாரத்துப் பக்கம் ஒரே இடத்தின் பெட்டியில் இருந்தது. பெரிய கப்பலின் சரக்கைத் தோணியில் மாற்றிய இடம் அதுவாக இருக்குமோ என்று நான் துள்ள, “நானும் அதான் நெனச்சிக்கினேன்!” என்று தனமும் துள்ளினார். இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தரையெல்லாம் பரப்பினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திடீரென்று அவர் கை நின்றது. “நல்லாப் பாத்துக்கோங்கக்கா. சாயங்காலம் எல்லாம் இந்த வூட்ட வுட்டுப் போயிடும்.”

பெட்டிகளுக்கும் ஏரியைப் போலவே சீட்டு. யார் பெயர் விழுகிறதோ அவர் வீட்டில் ஒரு வருஷம் இருக்கும். இன்றைக்குத்தான் புதுச் சீட்டு. போன முறை தனத்தின் கணவருக்கு விழுந்தது. மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். பெட்டிகளைக் கழுவித் துடைத்துக் காத்தது தனம்தான். ஆனால் ஏரியின் பாடுகளில் ஆண் இல்லாத வீட்டுக்குப் பங்கு இல்லை. ஏரியின் முறையைப் பெட்டிகளுக்கு எடுத்துக்கொண்டவர்கள் அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

“இனிமே என் பேரு சீட்டுல எந்த வருசமும் இருக்காது. கேக்கத்தான் போறேன்,” என்றார்.

மூன்று மணிக்குக் கோயில் பந்தலில் ஊர் கூடியது. ஊர்ப் பொறுப்பில் இருக்கும் ஏழுமலை நடுவில் உட்கார்ந்திருந்தார். தனம் கையில் ஒரு பீங்கான் துண்டோடு எழுந்து, தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டதும், இளவட்டமான சேகர் குறுக்கிட்டார்.

“ஏரிக்கு இன்னா முறையோ அதான் இதுக்கும் அண்ணி. இன்னிக்கு மாத்தினா நாளைக்கு ஏரியிலயும் கேப்பாங்க.”

“ஏரி கத அப்பால பாத்துக்கலாம். இந்தப் பொட்டியில பாதி, பொம்பளைங்க எறா தடவசொல்லோ கையில மாட்டினது. இதோ இந்தப் பீங்கான்ல காலு கிழிஞ்சி ஒரு மாசம் நொண்டினது நானு. கிழிஞ்சது உன் காலா, என் காலா?”

பந்தலே சிரித்தது. சேகரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. பிறகு, “கிழிஞ்ச காலுக்கு ஒரு உருண்டை போடுங்கப்பா,” என்றார். யாரும் மறுக்கவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

இங்கே சீட்டு என்பது காகிதம் இல்லை, சேற்று உருண்டை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளப் பொருள் உண்டு. ஒருவருக்குச் சிப்பி, ஒருவருக்கு வலைக் குண்டு, ஒருவருக்குப் பித்தளை வளையம். தொட்டுக் கண்டுபிடிக்க முடியாதபடி ஏரிச் சேற்றுக்குள் வைத்து ஒரே அளவாக உருட்டிப் பானையில் போடுகிறார்கள். அடையாளம் இல்லாத தனம் தன் காலைக் கிழித்த பீங்கானையே உருட்டிப் போட்டார். எடுப்பது வெளியூர் ஆளாக இருக்க வேண்டுமாம். போன முறை ஐஸ் வண்டி டிரைவர். இந்த முறை வேறு யார்? நான்தான்.

பானைக்குள் கை விட்டேன். எல்லாம் ஒரே குளிர்ச்சி, ஒரே வழவழப்பு. ஒன்றை எடுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டேன். ஊரே தலையை நீட்டியது. தனம் ஆகட்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். சேறு கரைந்து தண்ணீர் கலங்கியது. ஓர் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. “பீங்கான்!” என்று நானே கத்திவிட்டேன்.

சிப்பி. சேகருடைய சிப்பி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேகரோ ஜெயித்தவர் மாதிரியே இல்லை, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “அண்ணி, மழ வந்தா எங்க வூடு ஒழுகும். இதையெல்லாம் எங்க வெக்கறது?”

“மொதல்ல உன் கட்டில எடுத்து வெளிய போடு. பொட்டிக்கு அந்த எடந்தான் சரி. ஒழுகுற எடத்துல நீ படு,” என்றார் தனம். மறுபடியும் பந்தல் முழுக்கச் சிரிப்பு.

பெட்டிகளை ஆளுக்கொன்றாகச் சுமந்துகொண்டு போனோம். நீலப் பீங்கான் பெட்டி என் தலையில்! சென்னையில் இப்படிப்பட்ட பொருளைக் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நின்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இங்கே உருண்டை எடுத்த கையின் சேறு என் புடவையெல்லாம் அப்பிவிட்டது. துவைக்க மனமில்லாமல் இன்னும் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு அன்பு ஆட்டோவோடு வந்தார். விடைபெறப் பந்தலுக்குப் போனபோது, மிச்ச உருண்டைகளைக் கரைத்து அவரவர் அடையாளத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பானையின் அடியில் ஓர் உருண்டை மட்டும் கரையாமல் இருந்தது.

“உன்னுத எடுத்துக்கோ தனம்,” என்றார் ஏழுமலை.

தனம் பானையை மூடினார்.

“எதுக்குண்ணா எடுக்கணும்? அடுத்த வருசமும் இதே பானதான?”