நான் மாற்றிய டியூப்

என் கணவரின் கார், பக்கத்து ஊரான மேருவில் நின்றுகொண்டிருந்த ஒரு லோரியின் பின்னால் போய் மோதியதற்கு நான்தான் காரணம். கிள்ளானில் எங்கள் மாதா கோவிலுக்கு வரும் எல்லாருக்கும் இது தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் மாமியார் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார். "பிரேக் பிடிக்கலையாம். மருமகதான் டியூப் மாத்துனா. மாதா காப்பாத்துனாங்க." மூன்றே வாக்கியம். அதில் நடு வாக்கியம் நான்.

அது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. எனக்கு அது மூத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு அவர் பேச்சு குறைந்துபோனது. "சாப்பிட்டீங்களா" என்றால் "ம்". "உடம்புக்கு என்ன" என்றால் அதற்கும் "ம்". பகலெல்லாம் போர்ச்சில் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பார். அதே சமயத்தில் காருக்கும் கேடு வந்தது. டேஷ்போர்ட் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நின்ற இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கியது. உள்ளே எங்கிருந்தோ உஸ்ஸென்று ஒரு சத்தம்.

சுங்கை வே தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வயர்களைச் சோதிப்பது என் வேலை. எங்கே லூஸ், எங்கே கீறல் என்று கண்டுபிடித்தே பிழைக்கிறவள். வண்டி சரியானால் மனுஷனும் சரியாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மடத்தனம்.

மூன்று ஞாயிறு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தேன். எர்த் வயரின் போல்ட் துருப்பிடித்திருந்தது, சுரண்டி இறுக்கினேன். பிறகு அந்த உஸ். எஞ்சினை ஓடவிட்டு, டியூப்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தேன். எதை அடைத்தால் எஞ்சின் சீராகிறதோ அதில்தான் ஓட்டை. மெல்லிய டியூப்களுக்குப் பதில் மீன் தொட்டிக் கடை டியூப் போட்டேன். தடித்தது ஒன்று இருந்தது. எஞ்சினின் உறிஞ்சு சக்தியை பிரேக்குக்குக் கொண்டுபோவது அதுதான். அது வெடித்தால் பெடல் கல்லாகிவிடும். அதன் முனையில் கீறல் விழுந்திருந்தது. புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு ஏது பொறுமை? ஜப்பானில் பாதியாக வெட்டிக் கொண்டுவரும் கார்களைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடை ஒன்று சுங்கை பூலோவில் இருக்கிறது. அங்கே பழையது ஒன்றை வாங்கி, வளைத்துப் பார்த்து மாட்டினேன்.

மூன்றாம் ஞாயிறு சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்தது. பெருமையாக அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். "எதுக்கு இதெல்லாம்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "தேங்ஸ்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"தேங்ஸ் லா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒன்பதாம் நாள் காலை அந்த லோரி.

உயிர் தப்பியது. இடுப்பும் காலும் போயின. ஆஸ்பத்திரியில் கண் விழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் பிடிக்கல." மாமியாரிடம் சொன்னார், போலீஸிடம் சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் நான் எதைச் சாப்பிட்டாலும் ரப்பர் வாடை அடித்தது. கொலைகாரி மாதிரி நடமாடினேன்.

ஒரு சனிக்கிழமை தாங்க முடியாமல், பட்டறைக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு மேருவுக்குப் போனேன். கார் ஒரு பட்டறையின் பின்னால் கிடந்தது. முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. என் டியூப் இருந்த மூலை மட்டும் தப்பியிருந்தது.

"எதுக்குக்கா பாக்குறீங்க? இன்சூரன்ஸ் ஆளுங்க எல்லாம் பாத்துட்டாங்களே," என்றார் பட்டறை ஃபோர்மேன்.

"டியூப் மாத்துனது நான்தாண்ணே. வெடிச்சுதான்னு தெரியணும்."

அவர் டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். முள் வைத்த கைப்பம்பை டியூபில் மாட்டிக் காற்றை உறிஞ்சினார். முள் ஏறி நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தோம், அசையவில்லை. வேறு பேட்டரி கொடுத்தார். டேஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு எரிந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கியதும் முறையாக அணைந்தது. கடைசியாகப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். அவர் சக்கரத்தைச் சுற்ற, நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். சக்கரம் நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி நின்றது.

"டியூப்ல ஒண்ணும் இல்லக்கா. பிரேக் நல்லாதான் இருக்கு." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான்தான் வண்டிய இழுத்துட்டு வந்தேன். ரோட்டுல டயர் தேய்ச்ச கோடு இல்ல. பிரேக் பிடிக்கலன்னாலும் மனுஷன் ஸ்டியரிங்கயாச்சும் ஒடிப்பான் லா. அண்ணன் தூங்கிட்டாரோ?"

காலை ஒன்பதரை மணி. என் கையால் காப்பி குடித்துவிட்டுப் போனவர். மேருவில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. தூங்கியிருந்தால் தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருப்பார். பிரேக் பிடிக்கவில்லை என்று ஏன் சொல்லவேண்டும்?

அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

அந்த சீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். என் தப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். தெரிந்ததும், டியூப் வெடித்திருக்கக் கூடாதா என்றிருந்தது. அன்றைக்குக் காரின் உஸ் மட்டும் என் காதில் விழுந்தது. பக்கத்திலேயே இருந்த மனுஷனிடம் நான் சண்டைதான் போட்டேன். ஃபோர்மேனிடம் கேட்டு டியூபைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமியார் ஹாலில் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான் அந்த ஃபோர்மேன்?"

என் கணவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பயத்தை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

"டியூப்தான் அத்தே. வெடிச்சிருக்கு. என் தப்புதான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று மாமியார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

பையைத் திறந்து டியூபை அவர் கையில் வைத்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் கீறல் இல்லை.

"அம்மா நாளைக்கும் கோவில்ல சொல்வாங்க," என்றார்.

"சொல்லட்டும். திங்கக்கிழமை செக்கப்ல எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேப்பாரு. அவர்கிட்ட மட்டும் உண்மைய சொல்லிடுங்க."

நான் கை நீட்டியும் அவர் டியூபைத் திருப்பித் தரவில்லை.