ஐந்தாம் பொத்தான்

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்ததே, எனக்கு வேலை தரப்போகிற கம்பெனி கூப்பிட்டால் எடுப்பதற்காகத்தான். நான் காலேஜ் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். நைனா செங்கல்பட்டுக்குப் போய், யாரோ வைத்திருந்து விற்ற ஒரு பொத்தான் போனை வாங்கி வந்தார். கம்பெனி கூப்பிடவில்லை. நான் அதில் கேம் ஆடினேன்.

தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு குள்ளன். இடமிருந்து வலமாக ஓடுவான். வழியில் பள்ளம், முள், ஆடுகிற பலகை, எதற்கென்றே தெரியாமல் உருண்டு வரும் பாறை. நாலும் ஆறும் ஓடுவதற்கு, ஐந்து குதிப்பதற்கு. மூன்று உயிர், ஒன்பது கட்டம்.

நான் போனைக் கையில் எடுத்தால் வீட்டில் ஒருவரும் பேச மாட்டார்கள். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். வாசலில் யாராவது வந்து குரல் கொடுத்தால், "கத்தாத, புள்ள போன்ல கம்ப்யூட்டர் படிச்சிகினு கீது" என்று அடக்குவார். ஒருமுறை ஆறாம் கட்டத்தில் குள்ளன் முள்ளில் விழுந்தபோது "ச்சே" என்று கத்திவிட்டேன். அம்மா மோரோடு ஓடி வந்தார்.

"இன்னாடா, கணக்கு வரலியா?"

"வரலம்மா."

மோரைக் குடித்தேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஏழாம் கட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் விட முடியவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் போன் மூன்று எழுத்தில் பெயர் கேட்கும். 'ஏ ஏ ஏ' என்று அதுவே போட்டு வைத்திருக்கும். மாற்றாமல் ஓகே அமுக்கினால் அப்படியே பதிந்துவிடும். நான் என் இனிஷியலைப் போடுவேன். ஆனால் பட்டியலில் முதலிடத்தில் எப்போதும் இந்த ஏ ஏ ஏ. போனை விற்றவன் ஆடியது என்று நினைத்தேன். உயிரைக் கொடுத்து ஒருநாள் அதை முந்தினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஏ ஏ ஏ மறுபடியும் எனக்கு மேலே.

படித்தவன் அல்லவா, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஆடுகிறவன் சோம்பேறி ஆகிவிடக் கூடாது என்று போன் கம்பெனிக்காரனே உள்ளே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறான். நாம் ஏறினால் அதுவும் ஏறும். இதை என்னோடு படித்த ஒருவனுக்கும் விளக்கமாகச் சொன்னேன். "சூப்பர் மச்சான், எங்க கண்டுபுட்ச?" என்றான். எங்கள் ஊரில் மாத்திரைச் சீட்டிலிருந்து டிவி ரிமோட் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கடைசியில் சிறுசேரியில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு. கேட்டுக்கு வந்ததும் கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்யவும், ஆள் வந்து அழைத்துப் போவார் என்று போட்டிருந்தது. அதே வாரம் திங்கட்கிழமை ஐந்தாம் பொத்தான் செத்துப்போனது. நான் எவ்வளவு அழுத்தியும் குள்ளன் குதிக்கவில்லை. நேராக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தான். நல்லதுதான், இனி படிப்போம் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை சும்மா பட்டியலைத் திறந்தேன். ஏ ஏ ஏ இன்னும் ஏறியிருந்தது. என் விளக்கம் சரி என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெள்ளிக்கிழமை நைனாவும் கூட வந்தார். வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. செங்கல்பட்டு, திருப்போரூர் என்று பஸ் மாறி, கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்துக்குப் பத்து நிமிடம். செக்யூரிட்டி கடிதத்தைப் பார்த்தார்.

"போன் போடு தம்பி. ஆளு வந்தாத்தான் உள்ள வுடுவேன்."

எண்ணைப் பார்த்தேன். அதில் மூன்று ஐந்து இருந்தது.

கட்டை விரலால் அமுக்கினேன். இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கினேன். போனைத் தொடையில் தட்டி அமுக்கினேன். ஆட்டத்தில் பழகிய பழக்கம், அமுக்கும்போது குதிகாலும் சேர்ந்து எழும்பியது. புது ஷூவோடு கேட்டு முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பெரியவரே, உங்க புள்ள சாமி ஆடுது?" என்றார் செக்யூரிட்டி.

"சார், உங்க போன் ஒருவாட்டி..."

"இதுல வர்ற கால் எடுக்கத்தான் முடியும். வெளிய போவாது."

மணி ஒன்பது ஐம்பத்தாறு. இரண்டு வருடமாகக் காத்திருந்த ஒரே கடிதம் கையில். பொத்தானைத் தேய்த்தது நான். இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது?

"நைனா, அஞ்சாம் நம்பர் வேல செய்யல. நான்தான்... படிக்கல நைனா. கேம் ஆடிக்கினு..."

"இங்க குடுடா. பேஜார் பண்ணிகினு."

போனைப் பிடுங்கினார். கடிதத்திலிருந்த எண்களை என்னை வாசிக்கச் சொன்னார். ஐந்து வந்தபோது கட்டை விரலைச் சாய்த்து, பொத்தானின் கீழ் ஓரத்தில் நகத்தால் ஒரு தட்டு. விழுந்தது. அடுத்த ஐந்து, ஒரு தட்டு. அடுத்ததும்.

"நடுவுல அமுக்காத. நடுவுல செத்துப்பூட்ச்சி. கீழ் ஓரமாத் தட்டு, நல்லா எகிறும்."

"எகிறுமா?"

நைனா கேட்டுக்கு மேலிருந்த கேமராவைக் கவனமாகப் பார்த்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம், "கம்பெனிக்காரன் கூப்ட்டா எடுக்கணும்ல" என்று அவர் போனை எடுத்துக்கொண்டு போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எழுதத் தெரியாது. பெயர் கேட்டால் ஓகே அமுக்குவார்.

"ஏ ஏ ஏ நீயா?"

"அதெல்லாம் அப்பால. ரிங் போவுது பாரு, பேசு."

பேசினேன். ஆள் வந்தார். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள், நைனாவிடமே இருந்தது.

நான் வெளியே வந்தபோது மணி இரண்டு. எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் நைனா குந்தியிருந்தார். போன் மூக்குக்கு அருகில். பலகை ஆடுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணால் பார்த்திராத ஒன்பதாம் கட்டம்.

"நைனா..."

"இரு இரு, ஒரு உயிர்தான் கீது."

வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் "இன்னா சார் வேணும்?" என்று கத்தினார். அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன்.