சொந்த ஊரில் ஒரு ஓட்டு

வெர்லின் ஹாக்ஸ்டட் மாநிலக் கணக்குத் தணிக்கையாளர் பதவிக்கு நிற்பது இது ஆறாவது முறை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நிற்பார், தோற்பார், மறுநாள் காலை வழக்கம்போல நாய்க்குச் சாப்பாடு வைப்பார். மற்றவர்கள் தோற்றால் அது செய்தி. வெர்லின் தோற்பது முதல் பனி விழுவதைப் போல. எந்தத் தேதி என்பது மட்டும்தான் பேச்சு.

முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்தவர். "சோளத்துக்கு எடை பார்க்க ஆள் இருக்கு, அரசாங்கத்துக்கு வேண்டாமா?" முதல் தேர்தலில் அவருடைய கொள்கை இவ்வளவுதான். ஆறாவதிலும் ஒரு சொல் கூடவில்லை. கட்சியின் பெயர் சமவெளிக் கட்சி. அதன் மாநில மாநாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். போன முறை வந்தவர்கள் பதினொரு பேர். அவர்கள் சுட்டுக்கொண்டு வந்த ஆப்பிள் பைப் பலகாரம் ஒன்பது. கொள்கை விளக்கத்தைவிடப் பலகாரம் விரைவில் தீர்ந்தது.

இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வாக்குச்சீட்டில் இடம் தானாக வந்துவிடும், ஜலதோஷம் மாதிரி. மூன்றாவதாக ஒருவர் நுழைய வேண்டுமென்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி, குறித்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்துக்குள் தலைநகரில் கொடுக்க வேண்டும். அதற்காக வெர்லின் கோடை முழுவதும் சந்தை சந்தையாகத் திரிந்தார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலில் ஒன்று டாக்டர் வைத்தது.

பன்றிப் போட்டி நடந்த கொட்டகை வாசலில் பழைய சிநேகிதர் டெல்மர் பிடிபட்டார்.

"குடு, கையெழுத்து போடுறேன். ஆனா ஓட்டு கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

"தெரியும் டெல்மர். போன தடவையும் இதையேதான் சொன்ன."

"ரெண்டே பேர் இருந்தா, அம்மாகூட இருக்கியா அப்பாகூட இருக்கியான்னு கோர்ட்டுல கேக்கற மாதிரி இருக்குப்பா. மூணாவதா உன் பேரு கெடந்தா மனசுக்கு ஒரு ஆறுதல்."

"அந்த ஆறுதலுக்கு ஒரு ஓட்டு போடலாமே?"

"நல்லா இருக்கே! அப்புறம் நீ ஜெயிச்சுட்டா?"

வெர்லினைக் காயப்படுத்தியது டெல்மர்கள் அல்ல. போன தேர்தலில் அவருடைய சொந்த ஊர்ச் சாவடியில் விழுந்த ஓட்டு நூற்று எண்பத்தேழு. அதில் அவருக்கு ஒன்று. அவரும் அவர் மனைவி மார்லிஸும் வாக்களிக்கும் சாவடி அது. காபிக் கடையில் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. "உன் பொண்டாட்டி எந்தப் பக்கம் வெர்லின்?" என்று கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் மட்டும் நான்கு வருடமாக அந்தப் பேச்சு எழவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலரைக்குத் தலைநகர் அலுவலகத்தில் தாள்களை வைத்தார். வாங்கிக்கொண்ட கோரின் ட்ரெயர் ஐந்து தேர்தலாக அவரைப் பார்த்துவருபவர். மொத்தம் 2561 கையெழுத்து. கோரின் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"மிஸ்டர் ஹாக்ஸ்டட், இந்த ஏழு தாள்ல கீழே கையெழுத்து இல்லையே."

ஒவ்வொரு தாளின் அடியிலும், அதை எடுத்துச் சென்று கையெழுத்து வாங்கியவர், 'இவை என் முன்னால் போடப்பட்டவை' என்று ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் தாள் செல்லாது. ஏழும் மார்லிஸ் வாங்கியவை. தாளுக்கு இருபது பெயர். நூற்று நாற்பது போனால் எழுபத்தொன்பது குறையும்.

"நான் போடலாமா?"

"யார் வாங்குனாங்களோ அவங்கதான் போடணும். உங்களுக்குத் தெரியாத விதியா? அவங்க எங்க இருக்காங்க?"

"வண்டியில."

"அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க. இருபது நிமிஷம் இருக்கு. முத்திரை என்கிட்டயே இருக்கு."

படியிறங்கும்போது வெர்லினுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். மனைவி மறந்துவிட்டாள், கதை முடிந்தது, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இப்படி ஒரு கௌரவமான முடிவை ஐந்து தேர்தலும் அவருக்குத் தரவில்லை.

மார்லிஸ் வண்டியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"மறந்துட்ட போல. பரவாயில்ல விடு. வீட்டுக்குப் போலாம்."

"நான் மறக்கல."

வெர்லின் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

"அந்த ஒரு ஓட்டு என்னோடது வெர்லின். எங்க போட்டேன்னு எனக்குத் தெரியாதா? ஊரே என்னைப் பாத்து சிரிச்சுது. நீயும் கூடச் சேந்து சிரிச்ச."

வெளியே பார்த்தபடியே சொன்னார்: "வேற யாருக்கும் போடல. அந்த இடத்த காலியா விட்டுட்டேன். பேனாவ எடுத்தேன், என் பேரப் பாத்தேன். அலுப்பா இருந்துச்சு மார்லிஸ்."

"உனக்கே நீ வேண்டாம்னா, நான் எதுக்கு எலுமிச்சை ஜூஸ் கடை வாசல்ல வெயில்ல நின்னேன்? அதான் தாள்ல கையெழுத்து போடல."

"நியாயம்தான். வண்டிய எடு."

அவள் சாவியைத் தொடவில்லை. திரும்பி அவரை முறைத்தாள்.

"அவ்வளவுதானா? ஒரு வார்த்தை சண்டை கிடையாதா? இருபது வருஷம் ஆறிப்போன சோத்தத் தின்னுருக்கேன் மனுஷா! நீயா வேண்டாம்னு சொல்லு, நான் வண்டிய எடுக்கறேன். என் தலையில கட்டிட்டுத் தப்பிக்கப் பாக்காத."

ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. வெர்லின் 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். எளிய சொல்தான். டெல்மரும், அம்மாவா அப்பாவா என்ற அவர் கோர்ட்டும் ஏனோ குறுக்கே வந்து நின்றார்கள்.

"வேணும்," என்றார், பல்வலியை ஒப்புக்கொள்பவர்போல.

"இந்தத் தடவை உனக்கு நீ போடுவியா?"

"போடுறேன்."

மார்லிஸ் உள்ளே போய் ஏழு தாளிலும் நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்திட்டாள். கோரின் முத்திரை குத்தும்போது ஐந்துக்கு மூன்று நிமிடம்.

திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் சோளம். தானியக் கிடங்கு தெரிந்ததும் மார்லிஸ் சொன்னாள்:

"ஒண்ணு சொல்லிடறேன். நவம்பர்ல நான் உனக்கு ஓட்டுப் போடப் போறதில்ல. போன தடவை போட்டாச்சு. இந்தத் தடவை உன் முறை."

வெர்லின் மனசுக்குள் ஓட்டுகளைக் கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் ஒன்றுதான் வந்தது.