நூற்றிருபத்தேழு பல்

இரும்புச் சக்கரங்களில் பல் வெட்டுவது அவள் தொழில். பட்டறைகள் நிறைந்த அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. கன்னம் வீங்கிய ஒருவரைக்கூட யாரோ குறும்பாக அவளிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

அவளும் தங்கையும் எடுத்திருந்த வாடகை ஷெட்டில் பல் வெட்டும் இயந்திரம் அக்காவுக்கு, திருகுக்கு மரை வெட்டும் பழைய லேத் தங்கைக்கு. லேத் அங்குலக் கணக்கில் செய்தது. பம்ப் கம்பெனிக்காரர் கேட்டதோ மில்லிமீட்டர் மரை. மாலைக்குள் மாதிரித் திருகு சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் பழையபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஐந்து அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். இரண்டு கணக்கையும் பிசகில்லாமல் இணைக்க 127 பல் உள்ள சக்கரம் ஒன்று லேத்துக்கு வேண்டும். 127 பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாது. வட்டத்தைச் சமமாகப் பிரிக்க உதவும் துளைத்தட்டில் அதற்கேற்ற வரிசை கிடையாது.

பல்லக்காவுக்கு வழி தெரியும். 120 பல்லுக்கு உரிய அளவில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பின்னால் கோத்த சக்கரங்கள் அந்தத் தட்டையே மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தும். ஒவ்வொரு நகர்வும் துளி குறைந்து, 120 இருந்த இடத்தில் 127 அமையும்.

இருந்தது பல் வெட்டாத ஒரே ஒரு இரும்பு வட்டு. வெட்டும் முன் விளிம்பில் நீலச் சாயம் பூசி, கோடு மட்டும் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். கடைசி நகர்வு முதல் கோட்டின் மேலேயே வந்து விழுந்தது.

"அட்டகாசம்க்கா! மயிரிழை விலகல. வெட்டிடு."

"எண்ணிட்டு வெட்டுறேன்."

"அதான் ஒட்டிக்கிச்சே! நீ படிக்கட்டு ஏறினாக்கூட எண்ணிட்டுத்தான் ஏறுவே."

"ஆமாடி. அதான் இன்னும் விழாம இருக்கேன்."

எண்ணினாள். நூற்றுப் பதிமூன்று. மறுபடியும் அதேதான்.

தங்கையின் முகம் சுருங்கியது. "கோடு சரியா வந்து சேர்ந்துச்சே?"

"சேரத்தான் செய்யும். தட்டு தப்பான பக்கம் போயிருக்கு. ஏழு கூடுறதுக்குப் பதிலா ஏழு குறைஞ்சிருக்கு. அதுவும் சுத்தமா."

குனிந்து பார்த்தாள். திசை மாற்றும் இடைச் சக்கரம் அங்கே இல்லை. எண்ணெய் போடக் கழற்றி, அவளே ஜன்னலில் வைத்திருந்தாள்; அது இல்லாமலே மற்றச் சக்கரங்களை நேராகக் கோத்துவிட்டிருந்தாள்.

"நூத்திப் பதிமூணும் பகா எண்தான், தெரியுமா?" என்று சிரித்தாள்.

"அந்த ஆளு வர்ற நேரத்துல உனக்குச் சிரிப்பு வேற."

சாயத்தைத் துடைத்து, இடைச் சக்கரத்தைக் கோத்து, மறுபடி கோடு போட்டாள். இம்முறை தங்கையும் கூடவே எண்ணினாள். 127. பிறகுதான் கத்தி இரும்பில் இறங்கியது.

மாலையில் கம்பெனிக்காரர் தன்னிடமிருந்த விரல் நீள நட்டையே, புதுச் சக்கரத்தைப் பூட்டித் தங்கை லேத்தில் வெட்டிய திருகில் ஏற்றினார். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றி ஓடியது.

"சக்கரம் எவ்வளவு நாள் தாங்கும்மா?"

"இதுல ஒரு பல்லு ஒரே பல்லோடயே மோதிக்கிட்டு இருக்காதுங்க. எதிர்ச் சக்கரத்துல இருக்கிற அத்தனை பல்லும் முறை வச்சு வரும். தேய்மானம் பொதுவாப் போயிடும்."

"எங்க அக்கா மாதிரி," என்றாள் தங்கை. "யாரையும் விடாது, எல்லார்கிட்டயும் சண்டை போடும்."

அவர் சிரித்தபடி திருகை நட்டோடு பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு இரும்பு அனுப்புறேன். இறக்கி வைக்க இடம் பண்ணுங்க."