சத்தம் போடாத கம்ப்யூட்டர்

பார்சல் அக்காவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் அது நம் தப்பு. பதினான்கு வருஷம் பார்சல் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்கள் கத்தக் கத்த, நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தவள். ஆபீஸை மூடியதில் வேலை போனது. தெருவில் விழுந்த பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. இப்போது நாத்தனார் புண்ணியத்தில் வீட்டிலிருந்தே ஒரு வேலை கிடைத்திருந்தது. டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டு டைப் செய்து, சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே நிபந்தனை, கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆபீஸ் மூடும்போது கொடுத்த தொகையில் கொஞ்சம் அதற்கென்று எடுத்து வைத்தாள். அதற்கு மேல் போக முடியாது என்று தம்பியிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் அவன் அடியிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு 'விளக்கம்' என்று பேர். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கம்ப்யூட்டர் விஷயத்தில் கெட்டிக்காரன்.

முதல் கடையில் விளக்கம் பிராசசர், மெமரி, வாரண்டி என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் அக்கா பக்கம் திரும்பி, "இந்த விலைக்கு இதுக்கு மேல கிடைக்காதுக்கா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான்.

"இதை ஆன் பண்ணச் சொல்லுடா. மேல ஓடுற ஃபேனை நிறுத்தச் சொல்லு."

ஃபேனை நிறுத்தினார்கள். அக்கா குனிந்து, அந்தக் கறுப்புப் பெட்டிமேல் காதை வைத்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். விளக்கத்துக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னக்கா இது, தர்பூசணியா தட்டிப் பார்த்து வாங்க?"

"இரையுதுடா. வேண்டாம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தம்பிக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் குற்றமில்லை. அவள் புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுபவர். ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில்தான் அவர் தூங்கியாக வேண்டும். வீடோ ஒரு கூடமும், திரை தொங்கும் ஓர் அறையும்தான். மேஜை போட இருந்த ஒரே இடம், பிளக் இருக்கும் மூலை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் தலைமாடு. இது பாதிதான். மீதி என்னவென்றால், போன வருஷம் ஒரு விடியற்காலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்குக் கண் சொருகிவிட்டது. ஒரு நொடிதான். பஸ் சாலையின் நடுச்சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது. நாற்பது பேர் உள்ளே. ஒருவருக்கும் கீறல் இல்லை. டிப்போவில் டயர் கோளாறு என்று சொல்லித் தப்பித்தார். வீட்டுக்கு வந்து அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அன்றிலிருந்து, அவர் தூங்கும் நேரத்தில் வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலும் அவள் திரைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்ப்பாள்.

இரண்டாவது கடையில் ஒரு லேப்டாப். காதை வைத்தாள், சத்தமில்லை. விளக்கம் பெருமூச்சு விட்டான். "இரு, பத்து நிமிஷம் ஓடட்டும்" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பார்சல் ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு குப்பை கொட்டியவள் அல்லவா, சூடேறினால்தான் சுயரூபம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஏழாவது நிமிஷமே உள்ளே 'விர்'ரென்று கிளம்பியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து, பகலில் மாமா தூங்க வேண்டும் என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள்.

"மாமா நல்லாத்தானே குறட்டை விடறார், இதுக்கெல்லாமா எழுந்திருப்பார்?" என்று தெருவில் தம்பி கத்தினான். பஸ் உரசிய கதையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் புருஷன் நம்பிச் சொன்னதைத் தம்பியானாலும் எப்படிச் சொல்வது?

மூன்றாவது கடை, ரிப்பேர் கடையும் விற்பனையும் சேர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா காதைக் கொண்டுபோனதும் அவள் சிரிக்கவில்லை.

"வீட்ல யாருக்கா தூங்கணும்? குழந்தையா?"

"வீட்டுக்காரர். ராத்திரி பஸ் ஓட்டறார்."

அந்தப் பெண் மேல் தட்டிலிருந்து டிபன் டப்பா அளவில் ஒன்றை இறக்கித் துடைத்தாள். "புதுசுதான், பழைய மாடல். இதுல ஃபேனே கிடையாது, சத்தம் போட உள்ள எதுவும் இல்ல. ஆனா உண்மையைச் சொல்லிடறேன், மெதுவாத்தான் போகும். அதனாலதான் யாரும் வாங்கல. கேட்டு டைப் பண்ற வேலைக்கு இது தாங்கும். மெமரி மட்டும் கொஞ்சம் கூட்டித் தரேன்."

விளக்கம் தலையில் கை வைத்தான். "அக்கா, இது ஆன் ஆகறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சிடலாம்."

"குடிச்சிட்டு வரேன். உனக்கென்ன நஷ்டம்?"

கீபோர்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ரப்பர் போல மெத்தென்று அமுங்கும் ஒன்றை எடுத்தாள். மானிட்டரும் சேர்த்து எல்லாம் அவள் போட்ட கணக்குக்குள் அடங்கியது. வீட்டில் மாட்டிவிட்டு விளக்கம் போனபோது அவளுக்கு ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் தம்பிக்கு இரண்டு முறை டீ கொடுத்தாள்.

மூன்று வாரம் அப்படித்தான் ஓடியது. காலையில் டாக்டர்கள் காதில் பேசுவார்கள். அரைமணிக்கு ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றி, திரைப் பக்கம் காதைக் கொடுப்பாள். உள்ளே குறட்டை கேட்கும். அப்பாடா என்று மறுபடி மாட்டிக்கொள்வாள்.

நாலாவது வாரத்தில் ஒரு மத்தியானம். குறட்டை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பீரோவில் ஒரு நோட்டு எடுக்க வேண்டும். பூனை மாதிரி திரையை விலக்கி உள்ளே போனாள்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தது. கூரையைப் பார்த்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, பாதிக் குறட்டையில் நிறுத்தியபோது சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையைப் பாரு."

"எத்தனை நாளா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கண்ணை மூடினா அந்தச் சுவர்தான் வருது. ஒரு மணி, ரெண்டு மணி அசந்து போவேன். அதுக்கு மேல இல்ல. ஒரு வருஷமாச்சு."

"அப்ப இந்தக் குறட்டை?"

"உனக்காகத்தான். நீ வந்து வந்து காது கொடுக்கறியே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கடை கடையா ஏறி, எல்லார் முன்னாடியும் பெட்டிமேல காதை வெச்சுக் கோமாளி மாதிரி நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? உனக்கு வேலை போயிருந்த நேரம். பகல் டூட்டி கேட்டா ராத்திரிக்குத் தர்ற படிக்காசு போயிடும். காரணத்தைச் சொன்னா வேலைக்கே உலை வெச்சுடுவாங்களோன்னு பயம்."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. தினமும் நீங்க வாசப்படி இறங்கறப்போ எல்லாம் பயமா இருக்கு." ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அவளும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

பிறகு அவள் அவர் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து, இன்னொரு நாற்காலியைப் போட்டாள். "இந்த மாசத்துலேர்ந்து எனக்குச் சம்பளம் வருது. ராத்திரிப் படிக்காசு போனா போகட்டும். பகல் டூட்டிக்கு லெட்டர் எழுதலாம். காரணம் என்ன போட?"

"குடும்பச் சூழ்நிலைன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

டைப் செய்தாள். அவர் மானிட்டருக்குக் கிட்டே வந்து அதை இரண்டு தடவை படித்தார்.

"அதை எடுத்துடு."

"பின்ன?"

"ஒரு வருஷமாத் தூக்கம் வரலன்னு போடு. வண்டிய எடுக்கப் பயமா இருக்குன்னும் போடு."

அவள் ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டாள். அனுப்பு என்று சொல்வார் என்று பார்த்தால், அவர் போனைக் கையில் எடுத்து டிப்போ நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"லெட்டர் மெதுவாப் போகட்டும். இன்னிக்கு ராத்திரி வண்டிக்கு வேற ஆள் போடச் சொல்லணும்."