ரிசப்ஷன் பாட்டு

எங்கள் திருமண ரிசப்ஷனில் என் கணவர் கிதார் வாசித்துக்கொண்டே ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே வந்த வெளிநாட்டு டெக்னீஷியன் கொடுத்த கேசட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்ட பழைய ராக் பாட்டு. வேலூரில் எங்கள் சர்ச் ஹாலே உருகிப்போனது. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்டாட்டி மேல இன்னா பாசம் பாரு" என்றார்.

நான் ஆங்கில டீச்சர். மாலையும் கழுத்துமாக நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அது ஒருவன் தன்னோடு வாழ்பவளை விட்டுப் போகிற பாட்டு. உன் மேல் குறையில்லை, என்னைப் பிடித்து வைக்காதே, என் சுதந்திரம் எனக்கு வேண்டும் என்கிறான். எங்கள் ஆட்களுக்கு மெட்டு மெதுவாக இருந்து, வார்த்தை ஆங்கிலமாகவும் இருந்துவிட்டால் போதும், அது காதல் பாட்டுதான்.

மறுநாள் அவரிடமே கேட்டேன். சிரித்தார்.

"டியூன் நல்லா இருந்துச்சு, பாடினேன். டீச்சர் வேலைய ஸ்கூலோட வெச்சிக்க."

வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டில் வாக்குவாதம் வந்தால் அவர் கிதாரை எடுத்து அந்த மெட்டை வாசிப்பார். கம்பெனி பஸ் தாமதமாகிற மாலைகளில் வேலை ஓடாமல் வாசலிலேயே நிற்பேன்.

சில வருடங்கள் கழித்து வாசிப்பதை நிறுத்திவிட்டார். சண்டையும் இல்லை. கேட்டதற்கெல்லாம் சரி என்றார். "புள்ள வழிக்கு வந்துட்டான்" என்று மாமியார் ஸ்தோத்திரம் சொன்னார். எனக்கோ பயம் ஜாஸ்தியானது. போகிறேன் போகிறேன் என்று பாடுகிறவராவது வீட்டில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழுவுக்கு ஒத்திகை என்று கிதாரோடு சீக்கிரமே கிளம்பினார். ஆராதனையில் அவர் இடம் காலியாக இருந்தது. மறுவாரம் பெங்களூரிலிருந்து போன் வந்தது.

"உன் மேல ஒரு குறையும் இல்ல. என்னைப் பிடிச்சு வெக்காத."

அன்று நான் கேட்ட அர்த்தத்தை இப்போது தமிழில் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

பாட்டு மட்டும் எங்கள் சர்ச் ஹாலை விட்டுப் போகவில்லை. அவரிடம் கிதார் கற்ற பையன்கள் அதை ரிசப்ஷன் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அவர்களில் ஒருவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையே மைக்கைப் பிடித்துப் பாட, ஹால் முழுக்கக் கைதட்டியது. நான் மணப்பெண்ணைப் பார்த்தேன். பத்தாவதில் என்னிடம் ஆங்கிலம் படித்தவள். சிரிப்பு பாதியில் நின்றுபோக, அவள் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின.